இரண்டு தரம் வந்த இரண்டு நாற்பது

1

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு முதலில் ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். நோர்வேயில் ஆண்டுக்கு இரண்டு தடவை நேரத்தை மாற்றுவார்கள். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலையில், இரண்டு மணியாக வேண்டிய நேரத்தில் மூன்று மணியாகிவிடும். ஒரு மணித்தியாலம் காணாமற்போகும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் மூன்று மணியாக வேண்டிய நேரத்தில் மறுபடியும் இரண்டு மணியாகும். காணாமற்போனது திரும்பி வரும். வெளிச்சத்தைச் சேமிப்பதற்காக இந்த ஏற்பாடு என்கிறார்கள். சேமித்த வெளிச்சத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று, டிசம்பர் மாதத்தில் பின்னேரம் நான்கு மணிக்கு முன்பே ஒஸ்லோ கறுத்துப் போகும்போது நானும் தேடிப் பார்த்திருக்கிறேன்.

இதை நிறுத்த வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் இரண்டு கிழமைக்கு நாடே கொதிக்கும். மார்ச்சில் தூக்கம் போய்விட்டது என்று கொதிப்பவர்கள், ஒக்டோபரில் சீக்கிரம் இருட்டுகிறது என்று கொதிப்பார்கள். பிறகு மறந்துபோவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தப் போவதாகச் சொல்லி எத்தனையோ ஆண்டுகளாகிவிட்டன. நோர்வே அந்த ஒன்றியத்தில் சேரவில்லை. சேராமலே, அவர்கள் நிறுத்தினால்தான் நாங்களும் நிறுத்துவோம் என்று காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டுக் கலியாணத்துக்குப் போக மாட்டோம், ஆனால் அந்த வீட்டில் சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம் என்பது போன்ற கொள்கை.

எந்தப் பக்கம் திருப்புவது என்று மறக்காமலிருக்க நோர்வேக்காரர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வசந்தத்தில் தோட்டத்துக் கதிரைகளை முன்னே எடுத்துப் போடுவோம், அப்போது மணிக்கூடும் முன்னே. இலையுதிர் காலத்தில் பின்னே வைப்போம், மணிக்கூடும் பின்னே. தோட்டம் இருப்பவர்களுக்கு நல்ல வழி. நான் ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில், நாலாம் மாடியில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு கதிரை. அது ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்கிறது.

வந்த புதிதில் நோர்வேஜிய மொழிப் பரீட்சையில் கட்டுரை எழுத இந்தத் தலைப்பைத்தான் தந்தார்கள். நிறுத்த வேண்டும் என்று எழுதினேன். மாடுகளுக்கு மணிக்கூடு தெரியாது என்பது என் முதற் காரணம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆகவே, பரீட்சையில் எழுதினால் அதை நம்பவும் வேண்டும் என்று நினைப்பவன். சித்தியடைந்த பிறகும் அந்தக் கட்டுரையை நான் நம்பிக்கொண்டே இருந்தேன், போன ஒக்டோபர் வரை.

2

ஆரணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு பிசியோதெரபி செய்ய வருபவள். இங்கேயே பிறந்தவள். தமிழ் கதைப்பாள், கோபம் வந்தால் நோர்வேஜிய மொழிக்கு மாறிவிடுவாள். அவள் எந்த மொழியில் இருக்கிறாள் என்பதை வைத்து நான் எங்கே நிற்கிறேன் என்று அறிந்துகொள்ளலாம். ஒன்றரை வருடமாகப் பழகினோம். கலியாணம் செய்வது என்று முடிவெடுத்தோம். அவளுடைய பெற்றோருக்குச் சம்மதம். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

அம்மா கிளிநொச்சிக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறார். அப்பா இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல வடிவான பிள்ளை. கொஞ்சம் மெலிவு. அதை நான் பாத்துக்கொள்ளுறன்," என்றார். பிறகு, "சாத்திரியாரிட்ட ஒருக்கா சாதகத்தைக் காட்டுவம். பிறந்த நேரத்தைக் கேட்டு அனுப்பு," என்றார்.

ஆரணியிடம் கேட்டேன்.

"என்ர நட்சத்திரமோ? நான் விருச்சிகம். சஞ்சிகையில ஒவ்வொரு கிழமையும் போடுவினம்."

"அது இல்லை. பிறந்த நேரம்."

"ரெண்டு நாப்பது. விடியப்புறம். ஏன், அதுக்கும் ஒரு அலுவலகம் இருக்கோ?"

இருந்தது. அது சாத்திரியாரின் முன்விறாந்தையில் இருந்தது. அவர் இப்போது கணினியில்தான் சாதகம் கணிக்கிறார். திகதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அது பார்த்துச் சொன்ன நட்சத்திரம் ஆயிலியம்.

விசயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆயிலியத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. எனக்கு ஆபத்தில்லை. ஆரணிக்கு ஆபத்தில்லை. ஆபத்து அம்மாவுக்கு.

"நான் வேண்டாமெண்டு சொல்லேல்லைத் தம்பி," என்றார் அம்மா. "நீ விரும்பினாச் செய். நான் இருந்தென்ன, போயென்ன."

இதற்கு எந்தப் பரீட்சையிலும் பதில் எழுதி நான் பழகவில்லை. மூடநம்பிக்கை என்று வாதாடலாம். ஆனால் நான் வாதத்தில் வென்று, கலியாணமும் முடித்து, பிறகு அம்மாவுக்கு ஒரு தடிமன் வந்தாலும் அதை யார் தலையில் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆரணியிடம் சொன்னபோது அவள் முழுவதுமாக நோர்வேஜிய மொழிக்கு மாறினாள். இரண்டு நாள் அங்கேயே இருந்தாள்.

3

அந்த நிலையில்தான் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வந்தது. எனக்குக் காலை வேலை.

எங்கள் இல்லத்தில் ஒவ்வோர் அறையிலும் ஒரு சுவர் மணிக்கூடு. கைத்தொலைபேசி தானாக மாறிவிடும், சுவர் மாறாது. நேர மாற்ற ஞாயிறு வேலையில் இருப்பவர் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய்த் திருப்ப வேண்டும். கதிரை ஏறி இறங்கி, "நேற்று எட்டு, இன்று ஏழு" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு கிழவி, "அப்போ எனக்கு இன்னொரு கோப்பி வரும்தானே?" என்று கேட்டார். நேர மாற்றத்தால் நேரடிப் பயன் அடைந்த ஒருவரை அன்றுதான் கண்டேன்.

கடைசி அறை ஒட்வாருடையது. நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன்பிடிப் படகு வைத்திருந்தவர். அவருடைய மணிக்கூட்டைத் திருப்ப வேண்டியதில்லை. ஏனென்றால் மார்ச்சில் அதைத் திருப்ப அவர் விடுவதில்லை. அரசாங்கம் முதன்முதலாக ஒரு மணித்தியாலத்தை எடுத்துக்கொண்டு போன வசந்தத்திலிருந்து அவர் இந்தப் போராட்டத்தில் இருக்கிறார். கோடை முழுவதும் அவருடைய அறைக்குள் நேரம் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் ஓடும். எட்டு மணி மருந்தை நாங்கள் எட்டு மணிக்குக் கொண்டுபோவோம். அவர் சுவரைக் காட்டி, "ஏழு மணிக்கே வந்துவிட்டீர்களா, நல்ல சுறுசுறுப்பு," என்று பாராட்டுவார்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு அவருடைய வெற்றி நாள். அன்று கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருப்பார். நான் கதிரையுடன் நுழைந்ததும் கையை நீட்டினார். அவர் சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "வா ராசா, வா. ஏழு மாசம் எங்கையெங்கையோ திரிஞ்சிட்டு கடைசியில எல்லாரும் என்னட்டைத்தானே வந்து சேந்தியள்."

பிறகு மேசையில் கிடந்த ஒரு மனுவைக் காட்டினார். நேர மாற்றத்தை ஒழிக்கும்படி பாராளுமன்றத்துக்கு. ஒவ்வோர் ஆண்டும் எழுதுவார். "கையெழுத்துப் போடு. ஹம்மர்பெஸ்டில இரண்டு மாசம் சூரியன் உதிக்காது, இரண்டு மாசம் மறையாது. இவங்கள் எந்த வெளிச்சத்தைச் சேமிக்கிறாங்கள்?"

பேனாவை எடுத்தேன். அப்போது தொலைபேசி அதிர்ந்தது. ஆரணி. தமிழில் எழுதியிருந்தாள், ஆகவே மனம் கொஞ்சம் இளகியிருக்கிறது. "அப்பா இண்டைக்கும் அதே பகிடியைத் தொடங்கிட்டார். நான் பிறந்த இரவு மணிக்கூட்டைத் திருப்பினவையாம், அவருக்கு ஒரு மணித்தியாலம் கூட லீவு கிடைச்சதாம். ஒவ்வொரு வருசமும் நேரம் மாத்தேக்க சொல்லுவார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுக்கும் இரவில், இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் உள்ள ஒவ்வொரு நிமிடமும் இரண்டு தரம் வரும். இரண்டு நாற்பதும் இரண்டு தரம் வரும். அவள் எதில் பிறந்தாள்?

"என்ன, பேயைக் கண்டமாதிரி நிக்கிறாய்?" என்றார் ஒட்வார்.

"கையெழுத்தைப் பிறகு போடுறன்," என்றேன்.

4

அன்று பின்னேரமே ஆரணியின் பெற்றோர் இருக்கும் ஹவுகெட்டோவுக்குப் போனேன். தகப்பனார் டிராம் ஓட்டுகிறார். இரண்டு நிமிடம் பிந்தினாலும் மனம் நொந்துபோகிற மனிதர். அவரிடம் சரியான விடை இருக்கும் என்று நம்பினேன்.

"அங்கிள், ஆரணி பிறந்தது முதலாவது ரெண்டு நாப்பதிலயோ, ரெண்டாவதிலயோ?"

தேநீர்க் கோப்பையை வைத்தார். இருபத்தேழு வருடமாக ஒரே பகிடியைச் சொல்லிவந்த மனிதருக்கு, அந்தப் பகிடிக்குள் இப்படியொரு கேள்வி கிடந்தது தெரிந்திருக்கவில்லை.

"ரெண்டாவது," என்றார். "ஓம், ரெண்டாவதுதான். நான் வாசலில நிக்கிறன், ஒரு தாதி கதிரையில ஏறி நிண்டு மணிக்கூட்டைத் திருப்புறா. அதுக்குப் பிறகுதான் பிள்ளை அழுத சத்தம் கேட்டது."

"ஐயோ, அது பிள்ளை ரெண்டாந் தரம் அழுதது," என்றார் ஆரணியின் தாயார், அன்ரி, அடுப்படியிலிருந்து. "முதல் தரம் அழேக்க உவர் கீழ போய் கோப்பி குடிச்சுக்கொண்டு நிண்டவர்."

"நான் கோப்பி குடிக்கேல்லை. காரை மாத்தி விடப் போனனான்."

"எங்க போனாலென்ன, பக்கத்தில நிக்கேல்லைத்தானே."

"சரி, நீர் பக்கத்தில நிண்டனீர்தானே, நேரத்தைச் சொல்லுமன்."

அன்ரி கரண்டியுடன் வெளியே வந்தார். "நான் என்ன, மணிக்கூட்டையே பாத்துக்கொண்டு கிடந்தனான்? எனக்கு ஒண்டு தெரியும். உலகத்தில எல்லாப் பொம்பிளையளும் ஒரு இரவு நோப்பட்டுப் பிள்ளை பெத்தவையள். நான் ஒரு இரவும் ஒரு மணித்தியாலமும். அதுக்கு இந்த அரசாங்கம் ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கேல்லை."

ஆரணி சோபாவில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் பிறந்தது அப்பா கோப்பி குடிச்ச நேரம்."

"கோப்பி குடிக்கேல்லை எண்டிறன்!"

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். அங்கே ஒரு பெண் மிகவும் அன்பாகப் பேசினார். பதிவில் இரண்டு நாற்பது என்று இருக்கிறது என்றார். எந்த இரண்டு நாற்பது என்று கேட்டேன். "இது சுவாரசியமான கேள்வி," என்றார். இந்த நாட்டில் ஒரு அலுவலர் அப்படிச் சொன்னால், பதில் இல்லை, இனி வரவும் வராது, ஆனால் உங்களில் கோபமில்லை என்று அர்த்தம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்றும் கேட்டார். பிறந்த நேரம் என் அம்மாவின் ஆயுளைப் பாதிக்கிறது என்று சொன்னேன். அவர் என்னை மரபணுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்.

நான் நேரத்தைக் கூட்டிக் கழித்து, ஒரு பஞ்சாங்க இணையத்தளத்திலும் பார்த்துவிட்டேன். முதலாவது இரண்டு நாற்பதில் ஆயிலியம். இரண்டு இரண்டு நாற்பதுக்கும் நடுவில் நட்சத்திரம் மாறி, இரண்டாவதில் மகம். மகம் மாமியார்களை ஒன்றும் செய்யாது.

மாடுகளுக்கு மணிக்கூடு தெரியாது என்று எழுதியவன் நான். அன்றைக்கு நோர்வே அரசாங்கத்தின் மேல் எனக்கு வந்த அன்பைச் சொல்லி முடியாது. ஒரு மணித்தியாலத்தை இரண்டு தரம் ஓடவிடுகிற பெருந்தன்மை வேறு எந்த நாட்டுக்கு உண்டு? இது ஒழிக்கப்பட்டால், நாளைக்குப் பிறக்கப்போகும் எங்கள் பிள்ளைகளின் கதி என்ன?

5

அம்மாவுக்கு அழைத்தேன்.

"அம்மா, ஆரணி பிறந்த நேரத்தில ஒரு பிசகு இருக்கு."

"என்ன பிசகு?"

"அண்டைக்கு ரெண்டு நாப்பது ரெண்டு தரம் வந்தது."

"தம்பி, நீ நேரத்துக்குச் சாப்பிடுறனியே?"

"விளையாட்டில்லை அம்மா. இஞ்ச மணிக்கூட்டைத் திருப்பி வைக்கிறவை."

"ஆர் திருப்புறது?"

"அரசாங்கம்."

"ஓ, அரசாங்கமோ," என்றார் அம்மா. அந்த ஒரு சொல்லில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அப்பிடியெண்டா நடக்கும். எங்கடையும் திருப்பினவங்கள்தானே."

நான் மறந்துபோயிருந்தேன். நான் பிறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு கொழும்பு அரசாங்கம் மின்சாரத்தைச் சேமிக்கவென்று நேரத்தை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அதை அரை மணித்தியாலமாக்கியது. எங்கள் பக்கத்தில் மின்சாரமே இல்லை, ஆகவே சேமிக்க ஒன்றுமில்லை. அப்போது இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் பக்கம் நேரத்தை மாற்றவுமில்லை. அங்கே புது நேரம், இங்கே பழைய நேரம். யாராவது நேரம் சொன்னால், "பழசோ புதுசோ?" என்று கேட்ட பிறகுதான் நம்புவார்கள். பிறகு ஒரு சித்திரையில் அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பி வந்தது. ஒட்வார் அங்கே இருந்திருந்தால் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார்.

"அப்ப அம்மா, என்ர சாதகம் எழுதினது பழைய நேரத்திலயோ, புது நேரத்திலயோ?"

"மூண்டேகால் எண்டு மருத்துவிச்சியம்மா சொன்னவ. அதைத்தான் சாத்திரியாருக்குச் சொன்னனான்."

"அவ எதைப் பாத்துச் சொன்னவ?"

"ஆஸ்பத்திரி அரசாங்கத்தின்ர. சுவரில புது நேரம். அவவின்ர கையில கட்டியிருந்தது பழைய நேரம். எதைப் பாத்தாவோ. எனக்கென்ன மணிக்கூடு பாக்கத் தெரியுமே? தெரிஞ்சாலும், நான் என்ன, அதையே பாத்துக்கொண்டு கிடந்தனான்?"

ஹவுகெட்டோ அன்ரி கரண்டியுடன் நின்று சொன்ன அதே வசனம். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் இன்னும் கண்டதில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மாவே அழைத்தார். ஓட்டோ பிடித்துச் சாத்திரியாரிடம் போய் வந்திருந்தார்.

"உனக்கு ரெண்டு சாதகம், அவளுக்கு ரெண்டு. நாலு விதமாப் பொருத்தம் பாத்தார் மனுசன். வேர்த்து ஒழுகிட்டுது. கடைசியில சொல்லுறார், கலியாணம் நல்லபடியா நடந்தா, எது பொருந்துதோ அந்த நேரத்திலதான் ரெண்டு பேரும் பிறந்திருக்கினமாம்."

"அப்ப என்ன செய்யிறது அம்மா?"

"நானும் அதைத்தான் ஓட்டோவில வரேக்க யோசிச்சனான். உன்ர சாதகத்தில என்ன எழுதியிருக்கெண்டு உனக்குத் தெரியுமே? படிப்பு ஏறாதாம். கல்வி ஸ்தானம் வெறுமையாம். அஞ்சு வயசில அப்பா சொன்னவர், அப்ப ஏன் இவனைப் பள்ளிக்கூடம் விடுவான், என்னோட வயலுக்கு வரட்டுமெண்டு. நான் கேக்கேல்லை. இழுத்துக்கொண்டு போய் விட்டனான்."

எனக்கு இது தெரியாது. இவ்வளவு காலமும் ஒருவரும் சொல்லவில்லை.

"நீ படிக்க மாட்டாயெண்டு எழுதினதை நான் நம்பேல்லை. இப்ப எனக்கு ஆகாதெண்டு எழுதினதை மட்டும் ஏன் நம்பவேணும்? அவளைக் கட்டு."

அம்மா தொண்டையைச் செருமினார்.

"எண்டாலும், ஐயருக்குக் குடுக்கேக்க ரெண்டாவது ரெண்டு நாப்பதையே குடு. எதுக்கும்."

6

கலியாணம் தை மாதம், கிளிநொச்சியில். எந்த அரசாங்கமும் மணிக்கூட்டில் கைவைக்காத மாதமாகப் பார்த்துத் தரும்படி அம்மா சாத்திரியாரிடம் சொல்லி எடுத்த நாள். ஹவுகெட்டோ அங்கிள் வேலையில் லீவு கேட்டுவிட்டார். நேர மாற்றத்தின் தயவில் இந்தத் தடவை ஒரு மணித்தியாலமும் கூடக் கிடைக்கவில்லை என்று கவலைப்படுகிறார்.

போன கிழமை ஒட்வாரின் அறைக்குப் போனேன். ஆரணி அவருடைய முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். மனு இன்னும் மேசையில் கிடந்தது.

"இப்ப போடுவியா?" என்றார்.

ஒரு திருத்தம் வேண்டும் என்றேன். மார்ச்சில் எடுப்பதை மட்டும் நிறுத்தட்டும். ஒக்டோபரில் கொடுப்பதை நிறுத்தக்கூடாது.

ஒட்வார் யோசித்தார். படகில் கணக்குப் போட்டுப் பழகிய மனிதர். "அப்பிடியெண்டா ஒவ்வொரு வருசமும் ஒரு மணித்தியாலம் நாங்கள் பின்னுக்குப் போவம். போய்ப் போய் உலகத்தை ஒரு சுத்துச் சுத்தி, ஒரு நாள் உங்கட ஊர் நேரத்துக்கு வந்து நிப்பம். அதுக்குத்தானே கேக்கிறாய், கள்ளா?"

நான் கணக்குப் பார்த்தேன். வராது. நோர்வேயின் நேரம் முழு மணித்தியாலங்களில் நிற்கிறது, எங்களுடையதில் ஓர் அரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை ஆண்டு திருப்பினாலும் ஊரோடு அரை மணித்தியாலம் இடிக்கும். அதை அவருக்குச் சொன்னேன்.

"அரை மணித்தியாலம்தானே," என்றாள் ஆரணி, முழங்காலை விடாமல், தமிழில். "எங்கட ஆக்களின்ர கலியாணம். அதை ஆர் கண்டுபிடிக்கப்போகினம்?"

சொன்னதை அவளே நோர்வேஜிய மொழியில் ஒட்வாருக்குச் சொன்னாள். கோபமில்லாமல் அவள் அந்த மொழி பேசி நான் கேட்பது குறைவு. அவர் கட்டில் குலுங்கச் சிரித்தார்.

நான் மனுவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். பரீட்சையில் எழுதியதை மறுப்பது எனக்குச் சரிவராது, மாடுகளுக்கு இன்னும் மணிக்கூடு தெரியாது. ஆனால் தை மாதம் முடியும்வரை தபாலில் போட வேண்டாம் என்று ஒட்வாரிடம் கேட்டுக்கொண்டேன்.

"ஏன்?" என்றார்.

"எதுக்கும்," என்றேன்.